ஒரு குழலுள் பல கண்கள்

கமரா வாங்கச் செல்வோர் பெரும்பாலும் கமராவின் உடலையே கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பர். அதன் முகத்திற் பொருந்திவரும் வில்லையை ஏறிட்டு நோக்குவோர் சிலரே. ஒளியைக் கூட்டி விம்பத்தை ஆக்குவது வில்லை. அவ்விம்பத்தை ஏற்று வைத்துக்கொள்ளும் பெட்டியே உடல். வாங்கிய பின்னரும், வில்லையிலுள்ள வளையத்தை ஒருபுறம் திருப்பினாற் பொருள் கிட்டவரும், மறுபுறம் திருப்பினால் எட்டப்போகும் என்னும் அளவிலே பலருடைய அறிவு நின்றுவிடுகின்றது. அவ்வறிவிலும் ஒரு பிழை உண்டு. வளையம் எப்பொருளையும் கிட்டக் கொண்டுவருவதில்லை. அஃது உண்மையிற் செய்வது யாது, அதனைச் செய்வதற்காகக் குழலினுள்ளே எவை நகர்கின்றன, அந்த வசதிக்காக நாம் எவற்றை விட்டுக்கொடுக்கின்றோம் என்பவற்றை அறிந்தவர்க்கே அவ்வில்லை முழுப் பயன் தரும். அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

நியம வில்லையும் நியம சூம் வில்லையும்

பாடசாலையிற் பௌதிகம் கற்கும் மாணவர் குவிவு வில்லையை நன்கு அறிவர். நெடுந்தொலைவிலிருந்து வரும் கதிர்களை அவ்வில்லை ஒரு புள்ளியிற் கூட்டுகின்றது. வில்லைக்கும் அப்புள்ளிக்கும் இடைப்பட்ட தூரமே குவியத்தூரம் எனப்படும். விம்பத்தின் பருமனை நிர்ணயிப்பது இதுவே. 100 மீற்றருக்கு அப்பால் 20 மீற்றர் உயரமான கோபுரம் ஒன்று நிற்பதாகக் கொள்வோம். குவியத்தூரம் 50 மி.மீ. ஆயின், அக்கோபுரத்தின் விம்பம் 10 மி.மீ. உயரமாய் விழும். 25 மி.மீ. ஆயின் 5 மி.மீ.; 100 மி.மீ. ஆயின் 20 மி.மீ. விம்பம் சிறுத்தால் அதே பிலிமிலே கோபுரத்தைச் சூழ்ந்த வீதியும் மரங்களும் வானமும் அடங்கும்; பெருத்தாற் கோபுரம் மாத்திரமே நிற்கும்.

36 × 24 மி.மீ. அளவான பிலிமின் மூலைவிட்டம் ஏறக்குறைய 43 மி.மீ. ஆகும். குவியத்தூரம் இதனை ஒத்தோ சற்று மிகுந்தோ உள்ள வில்லையை நியம வில்லை என்பர். நடைமுறையில் 50 மி.மீ. வில்லையே அப்பெயரைப் பெற்றது. அதன் பார்வைக் கோணம் மூலைக்கு மூலை ஏறத்தாழ 47 பாகை. 24 மி.மீ. வில்லை 84 பாகை வரை அகன்று பார்க்கும், 70 மி.மீ. வில்லை 34 பாகைக்குள் ஒடுங்கும். முற்காலப் படப்பிடிப்பாளர் அகன்ற காட்சிக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, முகப்படத்துக்கு ஒன்று என மூன்று வில்லைகளைப் பையிற் சுமந்து, வேண்டியபோது கழற்றி மாட்டினர். அம்மூன்றின் வேலையையும் ஒரே குழலில் அடக்கியதே நியம சூம் வில்லை. 24–70, 24–105 என்பன இவ்வினத்தைச் சேர்ந்தன. சிறிய உணரியுடைய கமராக்களோடு விற்கப்படும் 18–55 மி.மீ. வில்லையும் இவ்வினமே. உணரியின் சிறுமையைக் கணக்கிட்டு, கனொன் கமராக்களுக்குரிய 1.6 என்னும் எண்ணாற் பெருக்கினால், அஃது ஏறக்குறைய 29–88 மி.மீ. வில்லையின் பார்வையைத் தரும்.

திரைப்படத்திலிருந்து கமராவுக்கு

விம்பத்தின் தெளிவு ஏறக்குறையக் குன்றாமலே குவியத்தூரத்தை மாற்றும் வில்லைக்கு அமெரிக்காவில் கிளைல் அலன் என்பார் 1902 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆயினும் அக்கருத்து முதலிற் பயன்பட்டது திரைப்படத் துறையிலேதான். 1932 இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்த டெயிலர், டெயிலர் அன்ட் ஹொப்சன் நிறுவனத்தின் 40–120 மி.மீ. 'வாரோ' வில்லை திரைப்படக் கமராவுக்கென வெளிவந்தது.

கையிலே தூக்கும் 35 மி.மீ. நிழற்படக் கமராவுக்கு இவ்வசதி கிட்ட மேலும் ஒரு தலைமுறை கழிந்தது. வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பிராங் பாக் என்பார் வகுத்த 36–82 மி.மீ. 'சூமார்' வில்லையை 1959 ஆம் ஆண்டில் ஃபோக்ட்லெண்டர் நிறுவனம் வெளியிட்டது. மியூனிச் நகரின் கில்ஃபிட் தொழிற்சாலை அதனைச் செய்தளித்தது. பதினான்கு கண்ணாடித் துண்டுகள் கொண்ட அவ்வில்லை முக்காற் கிலோவுக்கு மேல் நிறையுடையது. கமராவிலும் பார்க்க வில்லையே கண்ணில் முந்திப் படும்.

அதன்பின் 1963 இல் யப்பானின் நிக்கொன் நிறுவனம் 43–86 மி.மீ. வில்லையை விற்பனைக்கு விட்டது. 43 என்பது பிலிமின் மூலைவிட்டம். 86 அதன் இருமடங்கு. சிறியதாயும் வாங்கத்தக்க விலையினதாயும் இருந்தமையால் அது பெருந்தொகையாய் விற்பனையாயிற்று. ஆனால், கட்டடங்களைப் படமெடுத்தோர் நேரான சுவர்கள் வளைந்து நிற்கக் கண்டு முகஞ்சுளித்தனர். சூம் வில்லையென்றால் தெளிவு குறைந்தது என்னும் அபிப்பிராயம் பல ஆண்டுகள் நிலைத்தமைக்கு இத்தகைய அனுபவங்களே காரணம். 1973 இல் கனொன் நிறுவனம் வெளியிட்ட 35–70 மி.மீ. வில்லை, இரண்டே தொகுதிகளை நகர்த்தும் முறையாற் குழலைக் குறுக்கிற்று. இன்றுள்ள சிறு சூம் வில்லைகளின் அமைப்பை விளங்கிக்கொள்ள அந்த இருதொகுதி முறையை அறிதல் போதுமானது.

குழலினுள்ளே நிகழ்வது

கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னே 60 மி.மீ. குவியத்தூரமுள்ள குழிவுத் தொகுதி ஒன்று. பின்னே 40 மி.மீ. குவியத்தூரமுள்ள குவிவுத் தொகுதி ஒன்று. கணக்கின் எளிமைக்காக இரண்டையும் மெல்லிய வில்லைகளாகக் கொள்வோம். 60 ஐ 40 ஆற் பெருக்கினால் 2,400. ஒன்றிலிருந்து மற்றையதைக் கழித்தால் 20. இரு தொகுதிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தோடு 20 ஐக் கூட்டி, வந்த தொகையால் 2,400 ஐ வகுத்தால், கூட்டு வில்லையின் குவியத்தூரம் கிடைக்கும். இடைத்தூரம் 60 ஆயின் குவியத்தூரம் 30. இடைத்தூரம் 40 ஆயின் 40. இடைத்தூரம் 20 ஆயின் 60. கண்ணாடியில் யாதொரு மாற்றமுமின்றி, இடைவெளியை ஒடுக்கிய மாத்திரத்திலே குவியத்தூரம் இருமடங்காயிற்று. சூம் வில்லையின் இரகசியம் இவ்வளவே.

ஆனால், விம்பம் எப்பொழுதும் பிலிமின் மேலேயே விழவேண்டுமன்றோ? அதற்காகப் பின்தொகுதி பிலிமிலிருந்து முறையே 60, 67, 80 மி.மீ. தூரத்தில் நிற்றல் வேண்டும். முன்தொகுதி நிற்கவேண்டிய தூரங்கள் 120, 107, 100 மி.மீ. ஆகும். பின்னது முன்னே செல்ல, முன்னது பின்னே வருகின்றது. அவை நகரும் வேகமும் சமமன்று. முதற் பாதியில் ஒன்று 7 மி.மீ. நகர மற்றையது 13 மி.மீ. நகர்கின்றது, அடுத்த பாதியில் அக்கணக்கு மாறிவிடுகின்றது.

இந்த ஒழுங்கற்ற நடையை ஒழுங்காக நிறைவேற்றுவது குழலில் வெட்டப்பட்ட வளைந்த காடிகளின் வேலை. ஒவ்வொரு தொகுதியின் சட்டத்திலும் சிறு முளைகள் உள்ளன. அவை காடிகளுட் பொருந்தியிருக்கும். நாம் வளையத்தைத் திருப்பும்போது காடி சுழல்கின்றது; முளை காடியின் வளைவைப் பின்பற்றி நகர்கின்றது. ஆகவே வில்லையின் செம்மை கண்ணாடியில் மாத்திரமன்றிக் காடியின் செம்மையிலும் தங்கியுள்ளது. முளை தேய்ந்து தொகுதி சற்றே சாய்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் தெளிவாயும் மறுபக்கம் மங்கலாயும் வரும்.

மேற்காட்டிய கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் வெளிப்படுகின்றன. முதலாவது, இவ்வகை வில்லை அகன்ற காட்சிக்குத் திருப்பியபோதே மிக நீண்டிருக்கும். கனொன் நிறுவனம் 2002 இல் வெளியிட்ட 24–70 மி.மீ. வில்லையைக் கையாண்டோர், 24 இல் வைக்கும்போது குழல் நீளுவதையும் 70 இல் வைக்கும்போது சுருங்குவதையும் கண்டு வியந்ததுண்டு. அதிலே வியப்பதற்கு ஒன்றுமில்லை. நமது எண்கள் கூறியதும் அதுவே. இரண்டாவது, குவியத்தூரம் 30 மி.மீ. ஆயிருந்தும் பின்கண்ணாடிக்கும் பிலிமுக்கும் இடையே 60 மி.மீ. வெளி கிடைக்கின்றது. ஒற்றை வில்லைப் பிரதிபலிப்புக் கமராவில், மேலும் கீழும் அசையும் ஆடிக்கு அந்த வெளி இன்றியமையாதது. முன்னே குழிவுத் தொகுதியை வைத்ததன் நோக்கங்களுள் அதுவும் ஒன்று. இக்காலத்து ஆடியில்லாக் கமராக்களில் அந்த நிர்ப்பந்தம் நீங்கியது. கனொன் கமராக்களில் பொருத்து வளையத்துக்கும் உணரிக்கும் இடைப்பட்ட தூரம் 44 மி.மீ. இலிருந்து 20 மி.மீ. ஆகக் குறைந்தமையால், வில்லை வகுப்போர்க்குப் புதிய சுதந்திரம் பிறந்தது.

நாம் கொடுக்கும் விலை

இரண்டு மெல்லிய வில்லைகளாற் கணக்கு முடியும்; நல்ல படம் முடியாது. ஒற்றைக் கண்ணாடி நீல ஒளியையும் சிவப்பொளியையும் வெவ்வேறிடத்திற் குவிக்கின்றது. விளிம்பிற் செல்லும் கதிரையும் நடுவிற் செல்லும் கதிரையும் வெவ்வேறிடத்திற் கூட்டுகின்றது. இப்பிறழ்ச்சிகளைத் திருத்த, ஒவ்வொரு தொகுதியிலும் வெவ்வேறு கண்ணாடிகளாற் செய்த பல துண்டுகள் சேர்க்கப்படுகின்றன. நிலைத்த குவியத்தூரமுள்ள வில்லையை ஒரு நிலைக்குத் திருத்தினாற் போதும். சூம் வில்லையையோ 24 இலும் 70 இலும் இடைப்பட்ட எல்லா நிலைகளிலும் திருத்தவேண்டும். ஓரிடத்திற் செய்த திருத்தம் மற்றோரிடத்திற் குற்றமாகின்றது. அதனால், அகன்ற நிலையில் நேர்க்கோடுகள் பீப்பாயின் விலாப்போல் வெளியே புடைப்பதும், குறுகிய நிலையில் உள்நோக்கி வளைவதும் இவ்வில்லைகளின் பொதுக்குணமாயின. இன்றைய கமராக்கள் பலவும் இவ்வளைவைக் கணிப்பொறியின் உதவியால் நிமிர்த்திவிடுகின்றன.

துண்டுகள் பெருகப் பெருக மற்றோர் இடையூறு தோன்றுகின்றது. காற்றோடு தொடும் ஒவ்வொரு வெறுங் கண்ணாடிப் பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பியனுப்பிவிடும். பதினொரு தொகுதிகளுள்ள வில்லையிற் பரப்புகள் இருபத்திரண்டு. அவற்றைக் கடந்து மறுபுறம் சேர்வது நூற்றுக்கு நாற்பது பங்களவே. எஞ்சியது குழலினுள்ளே எதிரொளித்துப் படத்தை வெளிறச் செய்யும். 1935 இல் ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா, கண்ணாடியின்மேல் மிக மெல்லிய படலம் பூசி இவ்விழப்பைக் குறைக்கும் முறையைக் கண்டார். ஒரு பரப்பின் இழப்பு நூற்றுக்கு ஒன்றாகக் குறைந்தாலே அவ்விருபத்திரண்டு பரப்புகளையும் கடந்து எண்பது பங்கு ஒளி சேரும். வில்லையின் முகத்தைச் சாய்த்துப் பார்க்கும்போது தோன்றும் ஊதாவும் பச்சையும் அப்படலங்களின் நிறமே. அப்படலம் இல்லையேல் சூம் வில்லை நடைமுறைக்கு வந்திராது.

மூன்றாவது விலை ஒளித்துவாரத்திற் காணப்படுகின்றது. 18–55 வில்லையின் முகத்தில் '3.5–5.6' எனப் பொறித்திருப்பர். குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்துவரும் எண் அது. 18 ஐ 3.5 ஆல் வகுத்தால் துவாரம் 5 மி.மீ.; 55 ஐ 5.6 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10 மி.மீ. குவியத்தூரம் மும்மடங்காகியும் துவாரம் இருமடங்கே ஆயிற்று. அதனால், அதே வெளிச்சத்தில் 55 இல் வைத்தெடுக்கும்போது உணரியின்மேல் விழும் ஒளி இரண்டரை மடங்கு குறைகின்றது. மாலை மங்கிய மண்டபத்தில் வளையத்தைத் திருப்பிய மாத்திரத்திற் படங்கள் அசைந்து மங்குவதற்கு இதுவே காரணம்.

இக்குறையை நீக்கலாம், அதற்கும் விலையுண்டு. 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த இரு வில்லைகளை ஒப்பிடுக. கனொன் நிறுவனத்தின், அசைவு தடுக்கும் 18–55 வில்லை பதினொரு துண்டுகளுடன் 200 கிராம் நிறையுடையது. துவாரம் மேற்சொன்னவாறு குறையும். நிக்கொன் நிறுவனத்தின் 24–70 வில்லை எந்நிலையிலும் 2.8 என்னும் துவாரத்தைத் தரும். துண்டுகள் பதினைந்து, நிறை 900 கிராம். பின்னது பெரிய உணரிக்கும் ஏற்றது என்பதும் உண்மையே. ஆயினும் நாள்முழுதும் கழுத்திற் சுமப்பவர்க்கு அந்த 700 கிராம் வேறுபாடு சிறிதன்று. குடும்பப் படங்களுக்கும் பிரயாணத்துக்கும் இலகுவான வில்லையே பெரும்பாலும் போதுமானது. விலைகூடியதை வாங்குமுன் உள்ளதை முற்றாகப் பயன்படுத்தக் கற்றல் நன்று.

கையாளும் முறை

இடது உள்ளங்கையை வில்லையின் அடியிலே தாங்கலாக வைத்து, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் வளையத்தைத் திருப்புக. மேலிருந்து பிடித்தால் முழங்கை அகன்று கை நடுங்கும். முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். 36 × 24 மி.மீ. கமராவில், 50 மி.மீ. இல் எடுக்கும்போது ஷட்டர் நேரம் ஐம்பதில் ஒரு செக்கனுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும் என்பது பழைய விதி. குவியத்தூரம் கூடக்கூட நேரம் குறையவேண்டும். கைநடுக்கத்தை உணர்ந்து உள்ளே ஒரு தொகுதியை எதிர்ப்புறம் நகர்த்தும் அமைப்பு, மாற்றக்கூடிய வில்லைகளில் 1995 முதல் வந்துள்ளது. நிற்கும் பொருளுக்கு அது பேருதவி. ஓடும் குழந்தையை அது நிறுத்தாது.

குவியம் வைத்தபின் வளையத்தைத் திருப்பினால் மீண்டும் குவியம் வைத்தல் நல்லது. முன்னைய சூம் வில்லைகள் பல, குவியம் மாறாதிருக்குமாறு செய்யப்பட்டன. இக்காலத்துச் சிறு வில்லைகள் பலவற்றில், தானியங்கிக் குவியத்தை நம்பி அந்நிபந்தனையைத் தளர்த்திவிட்டனர். வெளிச்சம் தாராளமாயின் துவாரத்தை 8 என்னும் எண்ணில் வைப்பின் ஓரங்களும் தெளிவாகும். 16 இற்கு அப்பாற் குறுக்கினால், மிகச் சிறிய துவாரத்தினூடே ஒளி விரிந்து தெளிவு குன்றத் தொடங்கும். முன்னே மாட்டும் நிழற்குழலைப் பகலிலும் இரவிலும் கழற்றாதிருக்க. பக்கவாட்டில் வரும் வெயிலையும் விளக்கொளியையும் அது தடுப்பதுடன், வில்லை எதிலேனும் முட்டினால் முதலடியையும் தாங்கும்.

வளையமும் காலடியும்

முதலிற் கூறிய பிழைக்கு இப்போது வருவோம். வளையம் காட்சியின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துப் பெரிதாக்குகின்றது. பொருள்கள் தம்முள் எவ்வளவு பெரிதாயும் சிறிதாயும் தோன்றும் என்பதை நிர்ணயிப்பதோ நாம் நிற்கும் இடமே. 24 இல் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பித்தால், அதேயிடத்தில் நின்று 70 இல் எடுத்த படத்தின் அமைப்பே கிடைக்கும். தெளிவு மாத்திரமே குறையும். கைத்தொலைபேசியில் இரு விரல்களால் விரித்துப் பெரிதாக்குவது பெரும்பாலும் இத்தகைய வெட்டுதலே.

இவ்வுண்மை முகப்படத்திலே தெளிவாகும். ஒருவருடைய மூக்கு நுனி காதிலும் பார்க்க நமக்கு 12 செ.மீ. அளவு கிட்ட உள்ளது எனக் கொள்வோம். 24 இல் வைத்து முகம் நிறையவேண்டுமென்று 40 செ.மீ. வரை நெருங்கினால், மூக்கு 40 இலும் காது 52 இலும் இருக்கும். மூக்கு காதைவிட நூற்றுக்கு முப்பது பங்கு பெருத்துத் தோன்றும். இரண்டு மீற்றருக்குப் பின்வாங்கி 70 இல் எடுத்தால் அவ்வேறுபாடு ஆறு பங்களவே. முகத்தைக் கெடுத்ததும் திருத்தியதும் தூரமே. பின்வாங்கியபோது சிறுத்த முகத்தை மீண்டும் சட்டத்தில் நிறைத்ததே வளையத்தின் உதவி.

குழுப்படத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். சிறிய அறையில் எல்லாரையும் அடக்குவதற்காக 24 இல் எடுத்தால், ஓரத்தில் நிற்போர் பக்கவாட்டில் இழுபட்டுப் பருத்துத் தோன்றுவர். முற்றத்துக்கு வந்து, பின்னே சென்று, 35 அல்லது 50 இல் எடுத்தல் மேல். ஒரு குடும்பத்தில் மூத்தோர் மறைந்தபின் சுவரில் மாட்டப்படுவது பெரும்பாலும் ஒரே ஒரு படம். பேரப்பிள்ளைகள் அவர் முகத்தை அப்படத்திலிருந்தே அறிவர். அம்முகம் அவருடைய முகமாக இருத்தல் வேண்டும் என்பதற்காக நான்கு அடி பின்வைத்தல் பெருஞ் சிரமமன்று.

தூரக் காட்சியிலும் இந்த விதி பயன்படும். மலைத்தொடரின் முன்னே ஒருவரை நிறுத்தி, 24 இல் வைத்து 2 மீற்றர் தூரத்தில் எடுங்கள். பின்னர் 70 இற்குத் திருப்பி, அவர் அதே பருமனாய்த் தோன்றுமாறு ஏறத்தாழ 6 மீற்றர் தூரத்துக்குச் செல்லுங்கள். இரண்டாவது படத்தில் மனிதர் மாறார்; மலை மும்மடங்கு ஓங்கி நிற்கும். ஆகவே இவ்வில்லையைக் கற்க விரும்பும் மாணவர்க்கு ஒரு பயிற்சி கூறலாம். வளையத்தை 35 இல் வைத்து அன்று முழுவதும் தொடாதிருக்க. மறுநாள் 70 இல் வைக்க. ஒவ்வொரு குவியத்தூரத்துக்கும் எவ்விடத்தில் நிற்றல் தகும் என்பதைக் கால்கள் தாமே கற்றுக்கொள்ளும். அதன்பின், முதலில் நிற்குமிடத்தைத் தெரிந்து, பின்னரே வளையத்தைத் திருப்பும் பழக்கம் இயல்பாக அமையும்.

ஈரமும் பூஞ்சணமும்

நீண்டு சுருங்கும் குழல், துருத்திபோலக் காற்றை உள்ளிழுத்து வெளிவிடுகின்றது. காற்றோடு தூசும் ஈரமும் புகும். நமது கரையோர நகரங்களில் ஆண்டின் பெரும்பகுதியும் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபதுக்கு மேலே நிற்கின்றது. இந்த ஈரமும் வெப்பமும் இருட்டும் ஒன்றுசேர்ந்தால் கண்ணாடியிற் பூஞ்சணம் பிடிக்கும். சிலந்தி நூல்போல் ஓரத்திலிருந்து படர்ந்து, நாளடைவில் மேற்சொன்ன படலத்தையும் அரித்துவிடும். அரித்தபின் துடைத்தாலும் தழும்பு மாறாது.

தோலுறையில் இட்டு அலுமாரியிற் பூட்டிவைப்போர் வில்லையைக் காப்பதாக எண்ணுகின்றனர். தோல் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். அவ்வுறை பூஞ்சணத்துக்கு நல்ல விளைநிலம். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைத்தலே நன்று. நிறம் மாறும் மணிகளாயின் அவை நனைந்ததைக் கண்டு மீண்டும் சூடாக்கி உலர்த்தலாம். பெட்டியினுள் ஈரப்பதன் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே இருத்தல் போதும். எல்லாவற்றிலும் சிறந்த காவல் அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துதலே. வெளிச்சமும் காற்றோட்டமும் படும் வில்லையிற் பூஞ்சணம் எளிதில் வேரூன்றாது.

கண்ணாடியைச் சட்டை நுனியாலும் சால்வைத் தலைப்பாலும் துடைத்தல் ஆகாது. முதலில் ஊதுகுமிழாற் தூசை ஊதுக. பின் மென்தூரிகையால் தட்டுக. விரல் அடையாளம் எஞ்சினால் மாத்திரம் அதற்குரிய மெல்லிய துணியால் நடுவிலிருந்து வட்டமாகத் துடைக்குக. பழைய வில்லையை விலைக்கு வாங்குவோர் நான்கு சோதனைகள் செய்தல் வேண்டும். துவாரத்தை முற்றாகத் திறந்து, ஒருபுறம் கைவிளக்கைப் பிடித்து மறுபுறமாக நோக்கிப் பூஞ்சணம் உண்டோ எனப் பார்க்க. துவாரத்தின் தகடுகளில் எண்ணெய்க் கசிவு உண்டோ எனப் பார்க்க. முன்குழலை மெல்ல அசைத்து ஆட்டம் உண்டோ என அறிக. கீழ்நோக்கிப் பிடிக்கும்போது குழல் தானே வழுகி இறங்குகின்றதோ எனக் காண்க. சிறிய தூசு இரண்டொன்று படத்திற் தெரியாது. அவற்றுக்காக நல்ல வில்லையைத் தள்ளவேண்டியதில்லை.

பல அறிஞர்கள் பல்லாண்டுகள் கணக்கிட்டு ஆக்கிய பொறி ஒன்று இன்று சாதாரண குடும்பத்தின் கைக்கும் எட்டியுள்ளது. கனமான மூன்று வில்லைகளைச் சுமக்கும் தொல்லையை அது நீக்கியது. எங்கே நின்று பார்ப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பை மாத்திரம் அது ஏற்கவில்லை. அஃது எக்காலத்திலும் கமராவைப் பிடித்திருப்பவர்க்கே உரியது. வில்லை அலுமாரியில் உறங்குமாயின் இவ்வாரமே அதனை வெளியே எடுத்து, ஒளியிலே பிடித்துச் சோதித்து, வீட்டிலுள்ள மூத்தவரை முற்றத்து நிழலில் இருத்தி, இரண்டு மீற்றர் பின்னே சென்று ஒரு படம் எடுத்து வைப்பீர்களாக.